கிராக்கர் பிஸ்கட்டில் ஓட்டை எதற்கு?

கேள்வி இதுதான்: உப்பு பிஸ்கட், கிரீம் கிராக்கர், சோடா கிராக்கர் என்று எதை எடுத்தாலும் மேலே வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றனவே, அவை அழகுக்கா, மாவை மிச்சம் பிடிக்கவா, இல்லை உண்மையிலேயே ஏதாவது வேலை செய்கின்றனவா? எத்தனை ஓட்டை என்பதற்குக் கணக்கு ஏதும் உண்டா?

வேலை செய்கின்றன. அந்த ஓட்டைகளை எடுத்துவிட்டால் கிராக்கர் என்ற பண்டமே இல்லை. நான் ஒரு பிஸ்கட் ஆலையில் ஓவன் பக்கம் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். இந்தக் கேள்விக்குப் பொதுவாக "நீராவி வெளியே போக" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கிராக்கரில் இருக்கிற ஓட்டை ஒரு தையல். மேல் தோலையும் கீழ்த் தோலையும் சேர்த்துப் பிடித்திருக்கிற தையல்.

பூரியில் ஆரம்பிக்கலாம். தேய்க்கும்போது எங்காவது ஒரு சின்னக் கிழிசல் விழுந்துவிட்டால் அந்தப் பூரி உப்பாது. இது பூரி சுடுகிற எல்லோருக்கும் தெரியும். காய்ந்த எண்ணெயில் போட்டதும் மாவின் இரண்டு பக்கமும் சட்டென்று வெந்து தோல் கட்டிக்கொள்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் இரண்டு தோலையும் பிரித்துத் தள்ளுகிறது. கிழிசல் இருந்தால் ஆவி அந்த வழியாகப் போய்விடும், பூரி தட்டையாகக் கிடக்கும். பூரிக்கு அது குறை. கிராக்கருக்கு அதுதான் உயிர். பூரியில் எது நடந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறோமோ, அதையே கிராக்கரில் வேண்டுமென்று, அளந்து, பல இடங்களில் செய்கிறோம்.

இத்தனைக்கும் கிராக்கர் மாவு பூரி மாவைவிட அதிகம் உப்பக்கூடியது. அது தயாராகிற விதம் அப்படி. சோடா கிராக்கருக்கு மாவைப் பிசைந்த கையோடு சுட மாட்டார்கள். மைதாவில் பெரும்பங்கை எடுத்து ஈஸ்ட்டும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, 16 மணி நேரம், சில இடங்களில் அதற்கு மேலும், புளிக்க விடுவார்கள். ஆலையில் இதற்கு ஸ்பாஞ்ச் என்று பெயர். தோசை மாவு போலவே பொங்கி, லேசான புளித்த வாசனையோடு இருக்கும். அப்புறம் மீதி மைதா, கொழுப்பு, உப்பு, சமையல் சோடா எல்லாம் சேர்த்து மறுபடி பிசைந்து இன்னும் சில மணி நேரம் வைப்பார்கள். அந்தச் சோடா புளிப்பைத் தணித்துவிடும். சோடா கிராக்கர் என்ற பெயர் அதனால் வந்தது.

பிறகு மாவை உருளைகளுக்கு நடுவே விட்டு நீளமான தகடாக இழுப்பார்கள். அந்தத் தகட்டைப் புடவை மடிப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து, மறுபடி உருளையில் விட்டு, கடைசியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். பார்க்க ஒற்றைத் தகடு மாதிரி இருக்கும், உள்ளே பல அடுக்கு இருக்கும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசிச் சுருட்டி அடுக்கு வர வைக்கிறாரே, அதே எண்ணம்தான். கிராக்கரைக் கடித்தால் படபடவென்று உதிர்வது இந்த அடுக்குகளால்.

இதோடு குளூட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய உள்ளே உருவாகிற இழுபடும் வலை அது. கிராக்கர் மாவில் இந்த வலை நன்றாக வளர்ந்திருக்கும், காற்றையும் ஆவியையும் பலூன் ரப்பர் மாதிரி பிடித்து வைக்கும். ஆக, மெல்லிய தகடு, உள்ளே அடுக்குகள், ஆவியை விடாத வலை. இப்படி ஒரு மாவைக் கொதிக்கிற சூட்டில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

சூடு என்றால் சாதாரணச் சூடு இல்லை. கிராக்கர் ஓவன் ஒரு நீளமான சுரங்கம். கம்பிவலைப் பட்டையில் மாவு ஒரு முனையில் உள்ளே போய் மறு முனையில் பிஸ்கட்டாக வெளியே வரும். உள்ளே 250 டிகிரி செல்சியஸ், சில பகுதிகளில் 300 வரை. மொத்தப் பயணமே மூன்று நான்கு நிமிடம்தான். கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சோடா கிராக்கரின் எடை சுமார் 3 கிராம். மாவாக உள்ளே போகும்போது அதில் முப்பது சதவீதத்தை ஒட்டித் தண்ணீர் இருக்கும். வெளியே வரும்போது இரண்டு மூன்று சதவீதம்தான். அதாவது ஒவ்வொரு கிராக்கரும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் அதிகமான தண்ணீரை இழக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் கொதிநிலையில் ஆவியானால் 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மாவுத் துண்டிலிருந்து ஒரு பெரிய குளிர்பான பாட்டில் அளவுக்கு ஆவி! முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்.

இதில் பெரும்பகுதி மேற்பரப்பிலிருந்தும், கம்பிவலை வழியாக அடிப்பக்கத்திலிருந்தும் போய்விடும். ஆனால் முதல் ஒரு நிமிடத்தில், மேல் தோல் இறுகத் தொடங்கிய பின்னும் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிற அந்த நேரத்தில், உள்ளே மாட்டிக்கொள்கிற கொஞ்சம் ஆவி போதும், அத்தனை அடுக்கையும் பிளந்து கிராக்கரைத் தலையணை ஆக்கிவிட.

ஓட்டை இங்கேதான் வேலைக்கு வருகிறது. மாவுத் தகடு ஓவனுக்குள் போவதற்குச் சற்று முன்னால் ஊசிகள் வைத்த ஓர் உருளையின் அடியில் போகும். அந்த ஊசிகளை டாக்கர் என்றும், குத்துகிற வேலையை டாக்கிங் என்றும் சொல்வோம். சில இயந்திரங்களில் பிஸ்கட்டை வெட்டுகிற கட்டர் உருளையிலேயே ஊசிகளும் இருக்கும். வெட்டும் குத்தும் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

ஊசி என்று சொன்னதும் தையல் ஊசி மாதிரி கூரான ஒன்றை நினைக்க வேண்டாம். டாக்கர் ஊசியின் முனை மழுங்கலாக இருக்கும். அது வேண்டுமென்றே அப்படிச் செய்தது. கூரான ஊசியால் குத்தினால் மாவு இழுபட்டுச் சில நொடிகளிலேயே ஓட்டை மூடிக்கொள்ளும். மழுங்கல் முனை என்ன செய்கிறதென்றால், மேல் அடுக்கைத் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு போய் அடி அடுக்கோடு அழுத்தி ஒட்டிவிடுகிறது. மாவு ஒரு துளிகூட வெளியே போவதில்லை, பக்கத்தில் நகர்கிறது, அவ்வளவுதான். அதனால் ஓட்டை போட்டு மாவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. குத்துவதற்கு முன்னும் பின்னும் எடை ஒன்றுதான்.

நம் ஊர் இலவம்பஞ்சு மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சை அடைத்து முடித்ததும் மெத்தைக்காரர் நீளமான ஊசியால் மேலிருந்து கீழே குத்தி, நூலை இழுத்து, அங்கங்கே முடிச்சுப் போடுவார். முடிச்சு விழுந்த இடம் பள்ளமாகவும் நடுவில் இருக்கும் இடம் மேடாகவும் நிற்கும். அந்த முடிச்சுகள் இல்லையென்றால் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி மெத்தை உருண்டுவிடும். கிராக்கரின் ஓட்டை ஒவ்வொன்றும் அப்படி ஒரு முடிச்சு. ஆவி எவ்வளவு முட்டினாலும் இரண்டு முடிச்சுக்கு நடுவில்தான் உப்ப முடியும், அதைத் தாண்டி ஓட முடியாது.

வீட்டில் ஒரு கிரீம் கிராக்கர் இருந்தால் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சில ஓட்டைகளில் வெளிச்சம் தெரியும். சிலவற்றில் தெரியாது, சுடும்போது அடியில் மூடிக்கொண்டிருக்கும். மூடிய ஓட்டையைச் சுற்றியும் கிராக்கர் தட்டையாகத்தான் இருக்கிறது, கவனியுங்கள். ஆவி போவதற்கு மட்டும்தான் ஓட்டை என்றால் அந்த இடம் ஊதியிருக்க வேண்டும் அல்லவா? தையல் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அடுத்து, ஓட்டைகளின் வரிசை வழியாகவே அதை உடையுங்கள். உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால், ஓட்டை இருந்த இடத்தில் மேலும் கீழும் சேர்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். இரண்டு ஓட்டைக்கு நடுவே காகிதம்போல மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள், இடையில் காற்று. மேல் பரப்பில் மேடுகள் பொன்னிறமாகச் சிவந்திருக்கும், ஓட்டையைச் சுற்றிய பள்ளம் வெளுத்திருக்கும். மேடு அனலுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அதோடு அங்கே தோலும் மெலிசு, அதனால் முதலில் சிவக்கிறது. கிராக்கர் மேல் நாம் பார்க்கிற அந்தப் புள்ளிபுள்ளியான நிறமே ஓட்டைகள் போட்ட கோலம்தான்.

கோலம் என்றதும் எண்ணிக்கைக்கு வந்துவிடலாம். அமெரிக்காவில் சால்டீன் என்று ஒரு சதுரமான உப்புக் கிராக்கர் உண்டு. அதில் 13 ஓட்டை: மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று ஒன்றுவிட்டு ஒன்றாக. ரிட்ஸ் என்ற வட்டக் கிராக்கரில் 7: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. கோலம் போடுகிறவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், இது மூன்று புள்ளி, இடைப்புள்ளி, இரண்டு வரை என்று. இப்படி இடைப்புள்ளியாக வைப்பதில் காரணம் இருக்கிறது. நேர்ப்புள்ளியாக வைத்தால் நான்கு புள்ளிக்கு நடுவே ஒரு பெரிய சதுர இடைவெளி விழும், ஆவி அங்கே போய்க் கூடும். இடைப்புள்ளியில் எந்த இடத்திலிருந்தும் அடுத்த ஓட்டை ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும், அதனால் மேடுகளும் ஒரே அளவாக எழும். சீஸ்-இட் என்ற சின்னச் சதுரப் பாலாடைக்கட்டி பிஸ்கட்டுக்கு நடுவில் ஒரே ஓர் ஓட்டை போதும், அது அவ்வளவு சிறியது.

ஆகவே 13 என்பதிலோ 7 என்பதிலோ தனி மகிமை இல்லை. கணக்கெல்லாம் இடைவெளியில்தான். ஓட்டைகள் அகலமாகத் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவில் பெரிய கொப்புளம் எழும்பும். அதன் உச்சி கருகிவிடும், பெட்டியில் போட்டதும் நொறுங்கும். ரொம்ப நெருக்கி வைத்தால் ஆவி வந்த வேகத்தில் போய்விடும், அடுக்குகள் பிரியவே நேரமிருக்காது. அப்போது கிடைப்பது வறண்ட, கெட்டியான, பல்லுக்கு வேலை வைக்கிற ஒரு தகடு. மாவின் தடிமன், எவ்வளவு புளித்தது, ஓவனின் முதல் பகுதியில் எவ்வளவு சூடு, இவை எல்லாவற்றையும் பார்த்து இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

இது எவ்வளவு நுணுக்கமான சங்கதி என்று நான் கற்றுக்கொண்டது ஒரு மழைக்கால இரவு ஷிஃப்டில். நள்ளிரவுக்கு மேல் பேக்கிங் பகுதியிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். "அண்ணே, பாக்கெட் மூட மாட்டேங்குது. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு, ஆனா அடுக்கு உயரமா வருது." கிராக்கர் அடுக்கின் உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடினால் போதும், பேக்கிங் இயந்திரம் நின்றுவிடும். ஓவன் வாயில் போய்ப் பார்த்தேன். மற்ற வரிசைகளெல்லாம் சரியாக வந்துகொண்டிருக்க, வலது ஓரத்து வரிசையில் மட்டும் ஒவ்வொன்றும் குட்டித் தலையணை மாதிரி, உச்சியில் கரும்புள்ளியோடு வந்துகொண்டிருந்தது. சூட்டில் கோளாறு என்று நினைத்து முதலில் பர்னரைத் திருகிப் பார்த்தேன். இருபது நிமிடம் அதிலேயே போனது. பிறகுதான் புத்தி வந்து டாக்கர் உருளைக்குப் போனேன். அன்றைக்கு மாவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிசுபிசுப்பாக வந்திருந்தது. அந்த ஓரத்து ஊசிகளின் அடியில் மாவு ஒட்டி ஒட்டி ஒரு பட்டையாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி மாவைத் தொட்டது, ஆனால் அடிவரை போகவில்லை. மேலே பார்த்தால் அழகாகப் புள்ளி விழுந்திருக்கிறது, முடிச்சுதான் விழவில்லை. லைனை நிறுத்தி, பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, மறுபடி ஓட விட்டதும் அடுத்த ஐந்தாவது நிமிடத்திலேயே அந்த வரிசை தட்டையாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஷிஃப்ட் ஏறியதும் நான் முதலில் கை வைத்துப் பார்ப்பது ஊசிகளைத்தான், பர்னர் அப்புறம்தான்.

சரி, அப்படியானால் எல்லா பிஸ்கட்டிலும் ஏன் ஓட்டை இல்லை? நெய் பிஸ்கட், நான்கட்டாய், ஓட்ஸ் குக்கி இவற்றில் குத்துவதில்லை. அவற்றில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம், குளூட்டன் வலை வளரவே விடாது. மாவு மணல் மாதிரி உதிரியாக இருக்கும், ஆவி எந்தச் சந்து வழியாகவும் வெளியேறிவிடும். கட்டிப்பிடித்து வைக்கத் தோல் இல்லாத இடத்தில் உப்பலும் இல்லை, தையலும் தேவையில்லை. மாரி பிஸ்கட் இரண்டுக்கும் நடுவில் இருப்பது; இனிப்பு கொஞ்சம், ஆனால் மாவு நன்றாகப் பிசைந்து தகடாக இழுத்தது. அதனால் அதற்கு ஓட்டை உண்டு. 1874இல் ரஷ்ய இளவரசி மரியா, விக்டோரியா ராணியின் மகனை மணந்ததை ஒட்டி லண்டனில் பீக் பிரீன் நிறுவனம் கொண்டுவந்தது அது. அதே நிறுவனம் 1910இல் கிரியோலா என்ற பெயரில் ஒரு சாக்லேட் பிஸ்கட்டைக் கொண்டுவந்தது, பின்னாளில் போர்பன் என்று பெயர் மாறியது. நாம் சின்ன வயதில் எண்ணி எண்ணிச் சாப்பிட்ட அந்தப் பத்து ஓட்டையும் சுடும்போது ஆவி போவதற்காக வந்தவைதான். மெதுவடை ஓட்டையை இதோடு சேர்க்க வேண்டாம். அது நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, வேறு கணக்கு.

இந்த ஓட்டையின் பூர்வீகம் கப்பலில் இருக்கிறது. மாதக்கணக்காகக் கடலில் இருக்கிற மாலுமிக்கு ரொட்டி கொடுத்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். அதனால் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, கல் மாதிரி சுட்டு, உலர்த்திக் கொடுத்தார்கள். பிரிட்டன் கடற்படையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், அதாவது சுமார் 450 கிராம். அந்தக் கப்பல் பிஸ்கட்டில் ஓட்டையின் முதல் வேலை தையல் அல்ல, உலர்த்தல். அது தடிமனானது. நடுவில் துளி ஈரம் மிச்சமிருந்தாலும் மூட்டையோடு கெட்டுவிடும். மேலிருந்து கீழ்வரை ஓட்டை போட்டால் அனல் உள்ளே போகும், ஈரம் வெளியே வரும்.

அதைக் கையால் செய்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. கடற்படை அடுமனைகளில் ஓர் அடுப்புக்கு ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் மாவை வட்டமாக உருட்டித் தட்டுவார், இரண்டாமவர் ஊசிகள் வைத்த முத்திரையால் குத்துவார், மூன்றாமவர் பிரித்துத் தள்ளுவார், நான்காமவர் அடுப்புக்குள் நீண்டிருக்கும் துடுப்பை நோக்கி வீசுவார், ஐந்தாமவர் அந்தத் துடுப்பால் வாங்கி உள்ளே அடுக்குவார். நிமிடத்துக்கு 70 பிஸ்கட்! வீசுகிறவர் ஒரு நொடி தவறினால் மொத்த வரிசையும் தடுமாறும். லைனில் நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த வேகத்தின் அருமை தெரியும். 1830களின் தொடக்கத்தில் தாமஸ் கிராண்ட் என்பவர் உருவாக்கிய நீராவி இயந்திரங்கள் வந்த பிறகு பிசைவது, தகடாக்குவது, வெட்டுவது, குத்துவது எல்லாம் இயந்திரத்துக்குப் போயிற்று. மாவு வீணாகாமல் இருக்க அறுகோணமாக வெட்டத் தொடங்கியதும் அப்போதுதான், தேன்கூடு மாதிரி. அதே காலத்தில் இங்கிலாந்தின் கார்லைல் ஊரில் ஜொனாதன் டாட்சன் கார் என்பவர் அச்சு இயந்திரத்தைப் பார்த்து அதே முறையில் பிஸ்கட் வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். அவர் 1831இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில்தான் இன்றும் கார்ஸ் வாட்டர் பிஸ்கட் விற்கிறது.

கிராக்கர் என்ற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1792இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட்டில் ஜான் பியர்சன் என்ற அடுமனைக்காரர் மாலுமிகளுக்காக மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்த பிஸ்கட்டைச் செய்து விற்றார். 1801இல் அதே மாநிலத்தில் மில்டன் ஊரின் ஜோசயா பென்ட் ஒரு தொகுதி பிஸ்கட்டை அடுப்பில் தீய விட்டுவிட்டதாகவும், அப்போது படபடவென்று வெடித்த சத்தம் கேட்டு கிராக்கர் என்று பெயர் வைத்ததாகவும் சொல்வார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் தின்ற ஹார்ட்டாக் இதன் தடியான உறவு: மூன்று அங்குலச் சதுரம், அரை அங்குலத் தடிமன், முகம் முழுக்க ஓட்டை. பல்லால் உடைக்க முடியாமல் துப்பாக்கிக் கட்டையால் நொறுக்கிக் காப்பியில் ஊற வைத்துச் சாப்பிட்டார்கள். காப்பியில் போட்டதும் உள்ளே இருந்த வண்டுகள் மேலே மிதந்து வரும். கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிப்பார்கள்.

கிரீம் கிராக்கர் இவற்றையெல்லாம்விட இளையது. அயர்லாந்தின் ஜேக்கப்ஸ் நிறுவனம் 1885இல் டப்ளினில் கொண்டுவந்தது. பெயரில் இருக்கிற கிரீம் உள்ளே இல்லை. பிரிட்டிஷ்காரர் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று, அங்கிருந்த தமிழர் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. இலங்கையில் காய்ச்சல் வந்தால் பிளேன்டீயும் கிறீம் கிறேக்கரும்தான். மலேசியாவில் காலைக் காப்பியிலோ மைலோவிலோ தோய்த்து. அந்த நாடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டால் இரண்டு கிராக்கருக்கு நடுவே வெண்ணெய் தடவி அழுத்தி விளையாடிய கதை வரும். அழுத்தினால் ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் வெண்ணெய் சின்னப் புழு மாதிரி நெளிந்து நெளிந்து வெளியே வரும். எந்த ஓட்டை முழுசாகத் திறந்திருக்கிறது, எது அடியில் மூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல பரிசோதனையை எங்கள் ஆலையிலும் நான் பார்த்ததில்லை.

கிராக்கருக்கு வெளியேயும் இதே அறிவு பல நாடுகளில் தனித்தனியாக இருக்கிறது. மத்திய ஆசியாவில் 'நான்' ரொட்டியின் நடுவில் செக்கிச் என்ற ஊசி முத்திரையால் பூ வடிவத்தில் குத்துவார்கள்; நடு தட்டையாக நிற்கும், ஓரம் மட்டும் உப்பும். ஸ்வீடனில் முடிச்சு முடிச்சாகச் செதுக்கிய உருட்டுக்கட்டையால் ரை என்ற தானிய மாவு ரொட்டியைத் தேய்ப்பார்கள். யூதர்களின் மத்ஸா இவற்றில் மிகக் கண்டிப்பானது. பெஸாக் பண்டிகைக்குச் செய்யும் அந்த ரொட்டி புளிக்கவே கூடாது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். அதில் எங்காவது பெரிதாக ஊதிவிட்டால் அந்த இடம் பண்டிகைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் பல் வைத்த சிறு சக்கரத்தை மாவின் மேல் வரிசை வரிசையாக ஓட்டிக் குத்துகிறார்கள். மற்ற இடங்களில் தரத்துக்காகப் போடுகிற ஓட்டை, அங்கே மத விதியைக் காப்பாற்றுவதற்காக விழுகிறது.

நம் வீட்டிலும் இது புதிதல்ல. தட்டை சுடும்போது துணியில் தட்டிப் போட்ட வட்டங்களின் மேல் என் அம்மா ஊக்கால் நாலைந்து இடத்தில் குத்திக்கொண்டே போவார். "குத்தலன்னா பூரியாட்டம் எழும்பிடும், மொறுமொறுப்பு வராது" என்பார். பானிபூரிக்கும் பாப்டிக்கும் பல வீடுகளில் மாவு ஒன்றுதான். குத்தாமல் போட்டால் உருண்டையாக உப்பிப் பானிபூரி, முள்கரண்டியால் குத்திப் போட்டால் தட்டையாக நின்று பாப்டி. ஓட்டை என்ன செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது: ஒரே மாவு, ஒரே எண்ணெய், வித்தியாசம் நாலு குத்து.

வீட்டில் ஓவன் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு கப் மைதா, அரை ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், பூரி மாவுப் பதத்துக்குத் தண்ணீர். பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாகத் தேய்த்துச் சதுரங்களாக வெட்டி, பாதிச் சதுரங்களை மட்டும் முள்கரண்டியால் குத்துங்கள். மேலோட்டமாக அல்ல, கரண்டி முனை பலகையில் தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். விரல் அகலத்துக்கு ஒரு வரிசை போதும். கரண்டி மாவில் ஒட்டினால் அவ்வப்போது உலர்ந்த மாவில் தோய்த்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடான 220 டிகிரி ஓவனில் தட்டை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் குத்தாத சதுரங்கள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கும். குத்தியவை அப்படியே படுத்திருக்கும், குத்துகளுக்கு நடுவே மட்டும் சின்னச் சின்ன மேடு எழும். பொன்னிறம் வந்ததும் எடுத்து ஆற விட்டு, இரண்டிலும் ஒவ்வொன்று கடித்துப் பாருங்கள். உப்பியது மேல் தோல் மட்டும் நொறுங்கி, அடி தடித்து, நடுவில் சில சமயம் சவசவவென்றும் இருக்கும். குத்தியது ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி படக்கென்று உடையும்.